கைக்கும் கருவிக்கும் நடுவே

குற்றாலத்துப் பேரருவியில் நீர்ப்பெருக்கு மிகுந்து, முன்னுள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுமாயின், அன்று குளிப்பதற்கில்லை என்பதை அங்கு வந்து நிற்பவர் எவரும் உணர்ந்துகொள்வர். மதுரையிலிருந்து வந்தவரானாலும், மலைக்கு அப்பாலுள்ள புனலூரிலிருந்து வந்தவரானாலும், எழுத்தறியாதவரே ஆனாலும், அண்ணாந்து ஒருமுறை பார்த்தால் போதும். வளைவு கட்டப்பட்டது காவலுக்காக. நாளடைவில் அதுவே கண்ணால் படிக்கும் அளவுகோலாகவும் ஆகிவிட்டது.

இப்படிச் சொல்லாமற் சொல்லும் குறிகளைக் கணிப்பொறித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் ஆராய்ந்து அமைப்பது இந்நாளில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அதற்குப் ‘பயனர் இடைமுகம்’, ‘பயனர் அனுபவம்’ என இரு பெயர்கள் வழங்குகின்றன. இளைஞர்கள் யூ.ஐ., யூ.எக்ஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. பொதிகை விரைவு வண்டியில் தென்காசியிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டு வேண்டுமென்று ஒருவர் கைப்பேசியைத் திறக்கிறார். அவர் கண்முன் தோன்றும் பொத்தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அதன் மேலுள்ள எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பன இடைமுகத்தைச் சேர்ந்தவை. பயணம் போகலாம் என்று எண்ணியது முதல் பெட்டியில் இடம் பிடித்து உட்காரும்வரை அவர் தடுமாறிய இடங்கள் எவை, தடுமாறாமற் சென்ற இடங்கள் எவை என்பது அனுபவத்தைச் சேர்ந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் என்னிடம் வந்து, “ஐயா, இந்தத் தொழிலில் நுழைய எந்தப் படிப்புப் படிக்க வேண்டும்? எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?” என்று கேட்பதுண்டு. நான் முதலில் அவர்களுக்கு இத்தொழிலின் வரலாற்றைத்தான் சொல்லுகிறேன். இதில் நுழைந்தவர்கள் யார், எந்த வாயில் வழியாக நுழைந்தார்கள் என்பது தெரிந்தால், தமக்குரிய வாயில் எது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இவ்வரலாறு ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. பழைய இலக்கண நெறிப்படி எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும். ஏகார ஓகார நெடில்களுக்குப் புள்ளி இல்லை. ஆனால் எழுத்தாணியால் ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆகவே குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்த புலவருக்கு அது ஒரு தொல்லையாகத் தோன்றவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்து, வளர்ந்த வயதில் தமிழ் கற்ற ஒருவருக்குத்தான் அது தொல்லையாகத் தோன்றிற்று. அவரே வீரமாமுனிவர் என நாம் போற்றும் இத்தாலியர், கான்ஸ்டன்டைன் பெஸ்கி (1680–1747). எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவிலேயே வேறுபாடு தெரியும்படி அவர் செய்த சிறு மாற்றத்தைத்தான் இன்று முதல் வகுப்புக் குழந்தை எழுதிப் பழகுகிறது. பழகியவன் கண்ணுக்குப் படாத தடையைப் புதியவன் காண்கிறான். இத்தொழிலின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது.

அச்சுக்கலை வந்தபின் எழுத்தின் அளவும் ஒரு சிக்கலாயிற்று. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. 1713இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தமையால் காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள்.

தட்டச்சுப் பொறியின் கதை இதைவிடச் சுவையானது. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. நமக்கோ 247. தட்டச்சுப் பொறியிலிருந்த விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இந்தக் கணக்கை எவ்வாறு தீர்ப்பது? யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் பணிபுரிந்த ரா. முத்தையா என்பவர் இதற்கு வழி கண்டார். எழுத்துக்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். சில விசைகளைத் தட்டினால் குறி மட்டும் பதியும், காகிதம் நகராது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் வந்து அமரும். புள்ளியும் இகரக் கொக்கியும் இவ்வாறே எழுத்தின் தலைமேல் ஏறின. அவர் அமைத்த முறைப்படி ஜெர்மனியில் பொறிகள் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன.

முத்தையாவின் அமைப்பு கருவிக்கு ஏற்றது. கருவியின் வறுமையை அறிந்து செய்தது. ஆனால் அதன் சுமை தட்டுபவர் மேல் விழுந்தது. ‘தந்தை’ என்ற சொல்லைப் பாருங்கள். நாம் ஒலிக்கும்போது தகரம் முன்னே, ஐகாரம் பின்னே. தட்டச்சிலோ ஐகாரக் குறியை முதலில் தட்டித் தகரத்தைப் பிறகு தட்ட வேண்டும். வாய் ஒரு வரிசையிலும் கை வேறொரு வரிசையிலும் செல்லும். தட்டெழுத்துப் பயிலகங்களில் மாதக்கணக்காகப் பயின்று, அரசுத் தேர்வெழுதி, அலுவலகங்களில் அமர்ந்த தலைமுறையினர் அந்தச் சுமையைப் பழக்கத்தினால் வென்றார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. எனினும், மனிதன் கருவிக்கு வளைந்து கொடுப்பதா, கருவி மனிதனுக்கு வளைந்து கொடுப்பதா என்ற வினா அங்கே அப்படியே நின்றது.

விடுதலைக்குப் பின் இவ்வினாவை நம் நாடு மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரளவே. அப்போது நடந்த முதற்பொதுத் தேர்தலில் வாக்களிக்க வேண்டியவர்களோ கோடிக்கணக்கானோர். பெயரைப் படிக்க முடியாதவர் தாம் விரும்பும் வேட்பாளரை எவ்வாறு தேர்ந்தெடுப்பார்? ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம் தரப்பட்டது. வேட்பாளருக்கொரு பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட்டால் முடிந்தது. அவ்வளவு எளிமை. பின்னர் ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறையும், அதன்பின் பொத்தானை அழுத்தும் பொறியும் வந்தன. சின்னம் மட்டும் மாறாமல் இருக்கிறது. உலகத்து இடைமுகங்களுள் இத்தனை பேர் கையாண்டது வேறு உண்டா என்பது ஐயமே.

அக்காலத்திலேயே, 1958இல், சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்து ஓர் அறிக்கை அளித்தனர். நம் நாட்டில் அவர்கள் கண்டு வியந்த பொருள்களுள் முதன்மையானது ‘லோட்டா’, அதாவது நம் வீட்டுச் செம்பு. நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், இடுப்பில் எவ்வாறு அமரும், ஊற்றும்போது கையில் எவ்வாறு திரும்பும், துலக்குவதற்கு உள்ளே கை நுழையுமா என்றெல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். நாம் நாள்தோறும் கையாளும் செம்பை இவ்வாறு நாம் பார்த்ததுண்டா? அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றிற்று. 1969இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் வடிவமைப்பு மையம் எழுந்தது.

இதற்கிடையில் மேல்நாட்டில் கணிப்பொறி வளர்ந்துகொண்டிருந்தது. 1968ஆம் ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியியலார், கைக்குள் அடங்கும் சிறு கருவி ஒன்றை நகர்த்தித் திரையிலுள்ளதைச் சுட்டிக் காட்டினார். அதுவே ‘மவுஸ்’. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சன்னல்களும் படங்களும் திரையில் தோன்றும் கணிப்பொறி உருவாயிற்று. அதுவரை கணிப்பொறியோடு பேச அதன் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

அவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் சூசன் கேர். அவர் பொறியியல் படித்தவரல்லர்; கலையில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1984இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் கணிப்பொறிக்கு வேண்டிய சிறு படங்களை வரையும் பணி அவருக்கு வந்தது. கட்டம் போட்ட குறிப்பேட்டில், 32க்கு 32 கட்டங்களுக்குள், ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் படம் சமைத்தார். குப்பைக் கூடை, புன்னகைக்கும் கணிப்பொறி முதலியன அவ்வாறு பிறந்தவை. கட்டளை விசைக்கு ஒரு குறி தேவைப்பட்டபோது, காணத்தக்க இடங்களைக் காட்டுவதற்குச் சுவீடன் நாட்டில் வழங்கிய ஒரு குறியைத் தேர்ந்துகொண்டார். குற்றாலத்துக்கு வழிகாட்டும் ஒரு பலகைக் குறி உலகத்துக் கணிப்பொறிகளில் ஏறியதாக எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய அத்தகைய நிகழ்ச்சிதான் அது.

‘பயனர் அனுபவம்’ என்ற பெயரைப் பரப்பியவர் டொனால்டு நார்மன். அவர் உளவியல் பேராசிரியர். தள்ள வேண்டிய கதவை ஒருவர் இழுத்து நின்றால் குற்றம் அவருடையதன்று, கதவினுடையது என்று 1988இல் ஒரு நூல் எழுதி உலகுக்கு எடுத்துரைத்தார். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தம் பதவிப் பெயரிலேயே அச்சொற்றொடரை அமைத்துக்கொண்டார். ஒரு பொறியியலார், ஒரு கலைமாணவி, ஓர் உளவியலார் என்று பாதை பலவாறாகச் செல்வதைக் கவனியுங்கள்.

இனி ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி (1946–1999) சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். தமிழைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கு உழைத்த முன்னோடிகளுள் ஒருவர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ் 99’ விசைப்பலகைக்கு அவர் வகுத்த அமைப்பே அடிப்படை. அந்த ஆண்டிலேயே அவர் காலமானார்.

அப்பலகையைச் சற்று நின்று பார்ப்பது தகும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ஆக முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துக்களும் அடங்கிவிடுகின்றன. உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். நடு வரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள். அவற்றின் நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நெடில்கள். குறிலிலிருந்து விரலை ஒரு படி உயர்த்தினால் நெடில்! மிகுதியாக வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவை வலக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையிலேயே இருக்கின்றன. தகரத்தை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே ஏறி ‘த்த’ ஆகும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் ‘ந்த’ என்று தானே இணங்கும். ‘தந்தை’ என்பதற்கு இப்போது த, ந, த, ஐ என்ற நான்கு தட்டுக்கள் போதும். வாய் செல்லும் வரிசையிலேயே கையும் செல்லுகிறது. தமிழின் ஒலியமைதியை, இன எழுத்துக்கள் சேரும் முறையை, இலக்கண வகுப்பில் நாம் கற்றதையெல்லாம் விரலுக்கு உதவும்படி செய்த அமைப்பு இது. தமிழாசிரியர் ஒருவரின் அறிவு இங்கே பொறியியலாயிற்று.

இவ்வளவு சிறந்த பலகை எல்லோர் கைக்கும் சென்றதா என்றால், இல்லை. பழைய தட்டச்சில் பழகியவர்கள் பலர் அம்முறையையே விடாமற் பற்றிக்கொண்டனர். இளைஞர்களோ ஆங்கில எழுத்துக்களால் ‘அம்மா’ என்று ஒலிபெயர்த்துத் தட்டித் தமிழாக்கிக்கொள்கின்றனர். அவர்கள் கண்முன் இருக்கும் விசைகளில் ஆங்கில எழுத்துத்தானே பொறித்திருக்கிறது! சிறப்பான அமைப்பைச் செய்வது பாதி வேலை. அதைக் கற்பதற்கு ஒருவன் செலவிட வேண்டிய முதல் ஒரு மணி நேரத்தை எளிதாக்குவது மறுபாதி. அந்த மறுபாதி இன்னும் முடியவில்லை என்பதே என் கருத்து. பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலேயே தமிழ் 99 கற்பித்தால் இந்நிலை மாறும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். குற்றாலத்துக்கு அருகே, மேற்கு மலையின் அடிவாரத்தில் மத்தளம்பாறை என்னும் சிற்றூர் இருக்கிறது. 1996இல் தோன்றி 2009 முதல் ஜோஹோ என்ற பெயரால் வழங்கும் மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசிப் பகுதியில் சிறிய அளவில் ஓர் அலுவலகம் தொடங்கிற்று. பின்னர் அது மத்தளம்பாறையில் பெரிய வளாகமாக வளர்ந்தது. உலகின் பல நாடுகளில் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்குப் பயன்படும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் மென்பொருளை உருவாக்கியதில் இவ்வூர் அலுவலகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். அதற்கு முன்பே இவ்வூர்ப் பிள்ளைகளின் கைவேலை கடல் கடந்து சென்றுவிட்டது.

அந்நிறுவனம் 2004 முதல் ஒரு பயிற்சிப் பள்ளியையும் நடத்தி வருகிறது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அது. தென்காசியிலும் அதன் கிளை இயங்குகிறது. வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ஆண்டுதோறும் விதிகள் மாறக்கூடும். சேர விரும்புவோர் நேரில் கேட்டறிதல் நன்று.

பெற்றோர் சிலர், “பட்டம் இல்லாமல் பிள்ளை என்ன ஆவான்?” என்று அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒரு நிறுவனம் சான்றிதழ் கேளாது, மற்றொன்று கேட்கும். இடம் மாற நேர்ந்தால் பட்டம் உதவும். முறையான பட்டமே வேண்டுமென்போர்க்கு அகமதாபாத் கழகத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு ‘யூசீட்’ என்னும் தேர்வு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்தவர்தான் அதை எழுதலாம் என்பதில்லை. வணிகவியல், கலைப் பிரிவு மாணவரும் எழுதலாம். இச்செய்தி நம் பள்ளிகள் பலவற்றுக்கு எட்டவேயில்லை.

“எனக்கு ஓவியம் வராதே?” என்று ஒரு மாணவி கேட்டாள். குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களை நின்று காண்பதற்காகவே நாம் செல்கிறோம். திரையை யாரும் காண்பதற்காகத் திறப்பதில்லை; ஒரு காரியம் முடித்துவிட்டு மூடுவதற்கே திறக்கிறார்கள். ஓவியத் திறமை இருப்பின் நலம். இல்லாவிடினும் கட்டத் தாளில் பெட்டி பெட்டியாக வரையத் தெரிந்தால் போதும். ‘ஃபிக்மா’ போன்ற கருவிகளைச் சில வாரங்களிற் பழகலாம். அது 2016இல் பொதுப் பயனுக்கு வந்தது. நாளை வேறொன்று வரும்.

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதும்போது ‘முன்னறிவு’ என்று ஒரு பத்தி எழுதுவோம். மாணவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று எண்ணிப் பார்த்த பிறகே பாடம் தொடங்க வேண்டும். வேலை கேட்டுச் செல்லும் இளைஞரிடம் நிறுவனங்கள் எதிர்பார்க்கும் பணித்தொகுப்பும் அத்தகையதுதான். அழகிய படங்கள் இருபது வேண்டியதில்லை. மின்கட்டணச் செயலியோ பேருந்து நேரப் பட்டியலோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலேயே பூ விற்கும் அம்மையார், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வு பெற்ற எழுத்தர் என்று ஐந்து பேரிடம் கொடுத்து, வாய் திறவாமல் பக்கத்தில் நில்லுங்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான தடைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். எந்த இடத்தில் விரல் தயங்கியது, எதைத் தவறாகப் படித்தார்கள், நீங்கள் மாற்றியமைத்தபின் தயக்கம் குறைந்ததா என்பவற்றை எழுதி வையுங்கள். அப்படிப்பட்ட மூன்று பணிகள் இருந்தால் தேர்வாளர் முன் பேசுவதற்குப் பொருள் இருக்கும். பிறர் திணறும்போது, “இப்படி அழுத்துங்கள்” என்று கைநீட்டிச் சொல்லாமல் இருப்பதே இதில் கடினமான பயிற்சி. ஆசிரியர்களுக்கு அது இன்னும் கடினம்!

தமிழில் செய்ய வேண்டிய வேலையும் நிரம்பக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் ‘சேவ்’ என்பது நான்கே எழுத்து. நாம் அங்கே ‘சேமிக்கவும்’ என்று எழுதுகிறோம். ‘சப்மிட்’ என்பது ‘சமர்ப்பிக்கவும்’ ஆகிறது. ஆங்கிலச் சொல்லை அளந்து செய்த பொத்தானுக்குள் தமிழ்ச்சொல் அடங்காமல் ‘சமர்ப்பி...’ என்று பாதியில் முறிந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொக்கிகளும் கீழ்விலங்குகளும் மேலும் கீழும் நீளும் நம் எழுத்துக்கு வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். அது கிடைக்காமல் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியோடு முட்டுகிறது. பொத்தானைப் பெரிதாக்குவதா, ‘அனுப்பு’ என்று சிறு சொல்லைத் தேடுவதா, ‘அனுப்பு’ என்றால் முதியவர்களுக்கு ஏவல்போல் கடுமையாகத் தோன்றுமா என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் தீர்மானிக்க இயலாது. தென்காசி பேருந்து நிலையத்தில் நின்று ஐந்து பேரிடம் கேட்டுப் பார்க்கலாம்.